மூன்று பேர் கேட்ட மீசை

இந்த வழக்கில் பறிபோக இருந்தது ஒரே ஒரு மீசை. அதற்கு உரிமை கேட்டு நின்றவர்கள் மூன்று பேர். மூவரும் நல்லவர்கள், மூவரிடமும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. நன்றாகக் காது கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்பேன். எந்த ஆண்டு கால்பந்து உலகக் கோப்பை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், இது கதைக்குள் நடந்த கோப்பை.

குமரிக் கடற்கரையில் சூசைத்துறை என்று ஓர் ஊர். உலகக் கோப்பை வந்துவிட்டால் அந்த ஊரில் இரண்டே கட்சி, பிரேசிலும் அர்ஜென்டினாவும். சில்வெஸ்டர் அர்ஜென்டினா. உள்ளூர்ப் போட்டிகளில் விசில் ஊதும் நடுவர் அவன். விதிப்புத்தகம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அவனுடைய உயிர்த்தோழன் பனிப்பிச்சை பிரேசில். சில்வெஸ்டருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் ஜெனிட்டா எந்தக் கட்சி என்று யார் கேட்டாலும், "நான் பந்துக்க கட்சி" என்று சிரித்து நழுவிவிடுவாள்.

நிச்சயத்தன்று அவள் மாப்பிள்ளையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாலி கட்டுற வரைக்கும் இந்த மீசையில கைவைக்கப்பிடாது."

என்ன கேட்பாளோ என்று பயந்திருந்தவன் பூரித்துப்போய்ச் சத்தியம் செய்து கொடுத்தான்.

அந்த ஊர் வழக்கப்படி, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் அறிவிப்பார். அன்றுவரை யாரும் எழுந்து ஒரு தடையும் சொன்னதில்லை.

இரண்டாம் ஓலைக்கு முந்தின நாள் அர்ஜென்டினாவும் டென்மார்க்கும் மோதின. கூடுதல் நேரம் ஆடியும் சமநிலை. பெனால்டி உதைகளில் அர்ஜென்டினா தப்பியது. "ஜெயிச்சாச்சு!" என்று சில்வெஸ்டர் சரவெடி கொளுத்தினான். அர்ஜென்டினா ஜெயித்தால் ஒரு வாரம் நீலவெள்ளைக் கொடி கட்டிக் கடலுக்குப் போவதாகப் பனிப்பிச்சை பந்தயம் வைத்திருந்தான். பாவம், முணுமுணுக்காமல் தன் வள்ளத்தில் கட்டினான். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான், உள்ளுக்குள் வெந்துகொண்டே.

அடுத்த சனிக்கிழமை மாலை காலிறுதி. அர்ஜென்டினாவும் பிரேசிலும் நேருக்கு நேர்!

"அர்ஜென்டினா தோத்தா எனக்க மீசைய எடுக்கேம்லே" என்றான் சில்வெஸ்டர்.

"பிரேசில் தோத்தா எனக்குள்ளத எடுக்கேன்" என்றான் பனிப்பிச்சை.

எடுப்பது என்றைக்கு என்று இருவரும் சொல்லவில்லை. வீராப்பில் யார் நாள் பார்ப்பார்கள்?

தொண்ணூறு நிமிடத்தில் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரத்தில் இரண்டுக்கு இரண்டு. பெனால்டி உதைகளில் அர்ஜென்டினாவின் கடைசி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. பிரேசில் நாலு, அர்ஜென்டினா மூன்று. ஊரில் பாதி கடலில் குதித்துக் கூத்தாடியது, மீதிப் பாதி கதவைச் சாத்திக்கொண்டது.

மறுநாள் மூன்றாம் ஓலை. தடை உண்டா என்று சாமியார் கேட்டு வாய் மூடவில்லை, பனிப்பிச்சை எழுந்துவிட்டான்.

"ஒண்ணு உண்டு சாமி. மாப்பிள சொன்ன சொல்லக் காப்பாத்தாதவன். இன்னும் மீசையோட நிக்கான்."

கோயிலே சிரித்தது. ஜெனிட்டாவின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வாக்குத் தவறியவனுக்குப் பெண் கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டார். விளையாட்டு வினையாகிவிட்டது. புதன்கிழமை கல்யாணம்; பந்தல்கூடப் போட்டாகிவிட்டது.

பூசை முடிந்ததும் சாமியார் மூவரையும் கூப்பிட்டு விசாரித்தார். சில்வெஸ்டர் விதிப்புத்தகத்தோடு வந்தான்.

"பெனால்டி உதை ஆட்டத்துக்க பாகமே இல்ல சாமி. அடுத்த சுற்றுக்கு யாரு போகணும்னு தீர்மானிக்க ஏற்பாடு, அவ்வளவுதான். ஆட்டம் சமநிலைன்னுதான் பதிவாகும். தோத்தாத்தானே மீசை?"

சாமியார் புத்தகத்தை வாங்கிப் படித்தார். அவன் சொன்னது அப்படியே அச்சில் இருந்தது.

"தோக்காத டீமு எதுக்கு சாமி பெட்டியக் கட்டிட்டு ஊருக்குப் போவுது?" என்றான் பனிப்பிச்சை. "ஊரெல்லாம் பாத்தாச்சு. எனக்கு மீசை வேணும்."

ஜெனிட்டா இருவரையும் முறைத்தாள். "அந்த மீசை நிச்சயத்தண்ணைக்கே எனக்குத் தந்தது சாமி. எனக்குத் தந்தத வச்சு இவங்க எப்பிடிப் பந்தயம் கட்டலாம்?"

மீசையை எடுத்தால் பெண்ணுக்குச் செய்த சத்தியம் போகும். வைத்துக்கொண்டால் தோழனுக்குக் கொடுத்த வாக்குப் போகும், மாமனார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் கேட்டது சரி? அந்த மீசை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: புத்தகப்படி ஆட்டம் சமநிலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் டென்மார்க்கோடு ஆடியபோதும் அதே பெனால்டி உதைதானே? அன்றைக்கு அதை வெற்றி என்று சொல்லித் தோழனை ஒரு வாரம் கொடி கட்ட வைத்தவன், இன்றைக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரலாமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா? ஆகவே பந்தயத்தில் ஜெயித்தவன் பனிப்பிச்சை. ஆனாலும் ஜெனிட்டாவின் உரிமை அவனுக்கு முந்தியது. அவள் கேட்டது தாலி கட்டும் வரைக்கும். பந்தயத்துக்கோ நாளே குறிக்கவில்லை. முதலில் தாலி, பிறகு போட்டோ, அதன் பிறகு கத்தி என்று சாமியார் தீர்த்தார். மாமனாரும் தலையாட்டினார்.

புதன்கிழமை விருந்துப் பந்தலில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற பனிப்பிச்சை சவரக் கத்தியை எடுத்தான். "இங்க தாங்க" என்று மணப்பெண் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். பிடி வழுக்காமல் இருக்க, முழங்கை வரை போட்டிருந்த வெள்ளைக் கையுறையைக் கழற்றினாள். உள்ளே பச்சையும் மஞ்சளுமாக ஒரு டஜன் பிரேசில் வளையல்கள் குலுங்கின. பந்தலில் பாதி விசிலடித்தது.

சில்வெஸ்டர் சாமியாரைப் பார்த்து அலறினான். "சாமி, இதுல்லா தடை! மூணு ஞாயிறும் இத ஒருத்தரும் சொல்லலியே!"