பெயர் வைக்காமல் வளர்த்த நாய்

கேளுங்கள், பிள்ளைகளே. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று கேட்கும் பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள். எந்த அரசன் ஆண்டான் என்பதே மறந்துபோன பழைய காலத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் குன்றடிப்பேட்டை என்றோர் ஊர் இருந்தது. அந்த ஊரில் அம்பலவாணன் என்றொரு மிளகு வியாபாரி இருந்தான்.

நல்லவன்தான். அளவையில் ஏமாற்றமாட்டான், யாரையும் ஏசமாட்டான். ஆனால் பயந்தவன். இருட்டைக் கண்டால் பயம், இடியைக் கேட்டால் பயம், முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்றால் பயம். அவன் மனைவி உமையாளும் பயந்த சுபாவம் உடையவள்தான். ஆனால் அவள் பயந்துகொண்டே வேலையைச் செய்து முடித்துவிடுவாள். அவனோ பயம் வந்ததும் வேலையை அப்படியே போட்டுவிடுவான்.

அந்தச் சமயத்தில் கள்ளர் கூட்டம் ஒன்று அந்தப் பக்கம் வந்தது. சுவரில் கன்னம் வைத்து, ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, வீட்டைத் துடைத்துவிட்டுப் போகிற கூட்டம். முதலில் பக்கத்து ஊரில் கன்னம் வைத்தார்கள். பிறகு அடுத்த தெருவில் வைத்தார்கள். பிறகு அம்பலவாணனின் எதிர்வீட்டிலேயே வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரரைத் தூணில் கட்டிப்போட்டிருந்தார்கள். அவர் கண்ணை அம்பலவாணன் பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு நாய் வளர்த்தா என்னங்க?" என்றாள் உமையாள்.

"வளர்க்கலாம். ஆனா சாதாரண நாயா இருக்கக் கூடாது" என்றான் அவன்.

சந்தையில் நாய் விற்கிறவனிடம் போனான். கூடையில் மூன்று குட்டிகள் இருந்தன. முதல் குட்டி பழுப்பு நிறம். அவன் விரலை நக்கியது. "இது எவ்வளவு பெருசா வளரும்?" என்று கேட்டான். "முழங்கால் உயரம் வரும், செட்டியாரே. வீட்டோட ஒட்டிக்கும்" என்றான் விற்கிறவன். அம்பலவாணன் அதைக் கீழே விட்டுவிட்டான்.

இரண்டாவது குட்டி மெலிந்த உடம்பும் நீண்ட காலும் கொண்ட வேட்டை நாய்க் குட்டி. "இது எவ்வளவு பெருசா வளரும்?" "இடுப்பு உயரம். நல்ல ஓட்டக்காரன்." அதையும் விட்டுவிட்டான்.

மூன்றாவது குட்டி கூடையின் மூலையில் சுருண்டு கிடந்தது. கறுப்பு. பாதங்கள் மட்டும் கன்றுக்குட்டியின் குளம்புபோலத் தடித்திருந்தன. "இது?"

"மலைக்கு அந்தப் பக்கத்து ஜாதி. எவ்வளவு உயரும்னு எனக்கே தெரியாது. இதோட தாய் வழியில நின்னா பொதிமாடெல்லாம் ஒதுங்கிப் போகும். ஆனா ஒண்ணு, செட்டியாரே. குட்டியிலேயே கைப்பழக்கம் வேணும், ஓடியாட இடம் வேணும், கூடவே ஒரு ஆள்..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. 'பொதிமாடெல்லாம் ஒதுங்கிப் போகும்' என்பதற்கு மேல் அம்பலவாணனின் காதில் எதுவும் விழவில்லை. அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

வந்தவன் வீட்டில் மூன்று கட்டளை போட்டான்.

"யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்டா பாசம் வந்துடும், பாசம் வந்தா பல்லு மழுங்கிடும். யாரும் அதுக்குப் பேர் வைக்கக் கூடாது. பேர் வச்சா கூப்பிடத் தோணும். யாரும் அதை அவிழ்த்துவிடக் கூடாது. கட்டிக்கிடந்தாத்தான் கோபம் ஏறும்."

"குட்டிங்க அது" என்றாள் உமையாள்.

"குட்டி வேணும்னா நான் வாங்கினேன்? காவல் வேணும்னு வாங்கினேன்."

கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் முளை அடித்து, இரும்புச் சங்கிலியில் அதைக் கட்டினான். சோற்றுச் சட்டியை நீண்ட மூங்கில் கழியால் தள்ளிவிடுவான். கிட்டே வந்தால் அதே கழியால் ஒரு குத்து. முதல் மாதங்களில் குட்டி ஊளையிட்டு அழுதது. பிறகு அழுவதை நிறுத்தியது. பிறகு உறுமத் தொடங்கியது. அந்த உறுமலைக் கேட்ட அன்றுதான் அம்பலவாணன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

நாய் வளர்ந்தது. இடுப்பைத் தாண்டியது. நின்றால் அதன் தலை அவன் நெஞ்சுக்கு வந்தது. அது குரைத்தால் அடுக்களையில் பாத்திரம் அதிர்ந்தது.

முதலில் பால்காரி வருவதை நிறுத்தினாள். "அந்தக் கண்ணைப் பார்த்தா கை நடுங்கிப் பால் கொட்டிப்போகுது, ஆச்சி" என்று தெருமுனையிலேயே நின்று சொல்லிவிட்டாள். பிறகு உமையாளின் தங்கை தன் பிள்ளைகளோடு வருவதை நிறுத்தினாள். கடைசியில் கொல்லைச் சுவரில் காக்கைகூட உட்காராமல் போயிற்று.

இதற்குள் கள்ளர் கூட்டம் ஆற்றங்கரையில் மொத்தமாகப் பிடிபட்டது. பேட்டையில் எல்லோரும் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கத் தொடங்கினார்கள். அம்பலவாணன் வீட்டில் மட்டும் ஒரு கதவு எப்போதும் சாத்தியே கிடந்தது. வீதிப் பக்கத்துக் கதவுகூட அல்ல, கொல்லைப் பக்கத்துக் கதவு!

அவன் தினமும் அந்தக் கதவின் இடுக்கில் கண்ணை வைத்து முளையைப் பார்ப்பான். நாய் இழுக்கும். முளை கொஞ்சம் அசையும். மறுநாள் இன்னும் கொஞ்சம் அசையும். போய் அடித்து இறுக்கலாம் என்றால் முளைக்கும் அவனுக்கும் நடுவே நாய் நிற்கிறது. அதன் கழுத்தில் பட்டை உரசி உரசிப் புண்ணாகி ஈ மொய்த்தது. புண்ணைப் பார்க்கையில் அவனுக்கு இரக்கம் வரவில்லை. வலியில் இன்னும் மூர்க்கமாகிவிடுமே என்ற பயம்தான் வந்தது.

"இனி கிணத்தடிக்குப் போகாதே. தெருக்கிணத்துல தண்ணி எடு" என்று உமையாளிடம் சொன்னான்.

"அதுக்கு யார் தண்ணி வைக்கிறது?"

"நான் பார்த்துக்கறேன்."

கோடை வந்தது. கல் வெடிக்கிற வெயில். அம்பலவாணன் கழியால் தண்ணீர்ச் சட்டியைத் தள்ளினான். கை நடுங்கியதில் சட்டி கவிழ்ந்தது. தண்ணீர் மண்ணில் ஓடி மறைந்தது. நாய் அந்த ஈர மண்ணை நக்கியது.

"நாளைக்கு வைக்கலாம்" என்று கதவைச் சாத்தினான். மறுநாளும் அதையே சொன்னான். அதற்கு அடுத்த நாள் நண்பகலில் கொல்லையில் 'படார்' என்று ஒரு சத்தம் கேட்டது.

முளை பிடுங்கிக்கொண்டது. கொல்லைக் கதவு ஒரே மோதலில் பெயர்ந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்து உமையாள் தெருக்கிணற்றிலிருந்து இடுப்பில் குடத்தோடு கூடத்துக்குள் வந்தாள். அம்பலவாணன் கூடத்தில்தான் நின்றிருந்தான். நாய் கதவின் மேல் ஏறி உள்ளே வந்தது. சங்கிலி பின்னால் இழுபட்டது.

"ஓடு!" என்று கத்தினான். கத்தியவன்தான் முதலில் ஓடினான். மிளகு மூட்டை அடுக்கும் அறைக்குள் பாய்ந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டான்.

போட்ட பிறகுதான் தெரிந்தது, உமையாள் வெளியில் நிற்கிறாள்.

கதவு தட்டப்பட்டது. "கதவைத் திறங்க!"

அவன் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. சலங்... சலங்... என்று சங்கிலி கல்தரையில் உரசும் சத்தம் கிட்டே வந்தது. கை திரும்பிவிட்டது.

மறுபடியும் தட்டல். "என்னங்க, நான் வெளியில நிக்கிறேங்க!"

கை போயிற்று. உறுமல் கேட்டது. கை திரும்பிவிட்டது.

மூன்றாம் முறை குரல் இல்லை. உள்ளங்கையால் கதவைத் தடவுவதுபோல ஒரு சத்தம் மட்டும். கை போகவே இல்லை. அவன் மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான்.

பொத்திய காதுக்குள்ளும் ஏதோ விழும் சத்தம் கேட்டது. பிறகு அமைதி. மெல்லக் கையை எடுத்தான்.

சளப்... சளப்... சளப்... என்று நாய் எதையோ நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

அறைக்குள் சன்னல் இல்லை. கும்மிருட்டு. கதவிடுக்கின் வழியே ஏதோ உள்ளே கசிந்து வந்து அவன் பாதத்தை நனைத்தது. தொட்டுப் பார்த்தான். ஈரம். முகர்ந்தான். மிளகு நெடியில் ஒரு வாசனையும் தெரியவில்லை.

"உமையாள்" என்று கூப்பிட்டான். வாய் அசைந்ததே தவிரக் குரல் வரவில்லை.

பிள்ளைகளே, அம்பலவாணன் பிறந்ததிலிருந்து எத்தனையோ பயங்களைப் பார்த்தவன். ஆனால் அந்த இருட்டில் அவனுக்கு வந்தது புதிய பயம். நாய் கடித்தால் ஒரு நாள் வலிக்கும், செத்தால் அதோடு முடியும். இந்தக் கதவுக்குப் பின்னால் உயிரோடு உட்கார்ந்திருந்தால்? நாளை விடியும்போதும் தான் உட்கார்ந்திருந்தவனாகவே இருக்க வேண்டும். அதை நினைத்ததும் அவன் எழுந்தான். பொதி தூக்கும் தடியைக் கையில் எடுத்தான். தாழ்ப்பாளை இழுத்தான்.

வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தரையெல்லாம் தண்ணீர். குடம் விழுந்து பாதி கொட்டியிருந்தது. உமையாள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடிக்கு அருகில் அந்தப் பெரிய கறுப்புத் தலை. குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அது குடித்துக்கொண்டிருந்தது. குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது. ஆனாலும் பிடித்திருந்தது.

தடியைக் கண்டதும் நாய் தலையை நிமிர்த்தியது. உதடு விலகிப் பல் தெரிந்தது. முதுகு மயிர் சிலிர்த்தது.

"தடியைக் கீழ போடுங்க" என்றாள் உமையாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"போட்டா பாஞ்சிடும்."

"போடுங்க."

ஓடி மறுபடியும் தாழ்ப்பாள் போடலாம், அல்லது தடியை ஓங்கலாம். இரண்டும் அவனுக்குப் பழகிய வழிதான். அம்பலவாணன் விரல்களைத் தளர்த்தினான். தடி விழுந்து உருண்டது. வெறுங்கையோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். சூடான மூச்சு அவன் விரலில் பட்டது, மணிக்கட்டில் பட்டது, வயிற்றில் பட்டது. உடம்பில் உயிர் எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது நாய் திரும்பிப் போய் உமையாளின் பக்கத்தில் படுத்திருந்தது.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டான்.

"உசுரே போச்சு" என்றாள். "கிணத்தடிக்குப் போற நாளெல்லாம் பயத்துல அதுகிட்ட ஏதாவது பேசிக்கிட்டேதான் போவேன். 'நான்தான் வர்றேன், தண்ணிக்குத்தான் வர்றேன், கத்தாதே'ன்னு. இன்னைக்கும் வாயில அதுதான் வந்துச்சு. அதுக்கு அந்தக் குரல் தெரிஞ்சிருக்கு."

அன்று மாலை அவளே கழுத்துப் பட்டையை அறுத்தெடுத்து, புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தாள். அம்பலவாணன் தூரத்தில் நின்று, "நாளைக்கே கொண்டுபோய் யார்கிட்டயாவது விட்டுடுவோம்" என்றான்.

உமையாள் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

"அது என்னை வெளியில விட்டுட்டுக் கதவைச் சாத்தலீங்க" என்றாள்.



மறுநாள் காலையில் அவன் செய்த முதல் வேலை, மிளகு அறையின் தாழ்ப்பாளைக் கழற்றியது. கொல்லைச் சுவரை உயர்த்தி நாய் ஓட இடம் விட்டான். உமையாள் அதற்குக் கரியான் என்று பெயர் வைத்தாள். விடியலில் அதை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போகும் வேலையை அம்பலவாணன் கேட்டு வாங்கிக்கொண்டான். முதல் நாள் அவன் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாய் அவனை அழைத்துப்போனது போலத்தான் இருந்தது! ஒவ்வோர் அடிக்கும் அவன் அதையே பார்த்தான். அதுவும் அவனைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் நடந்தது. அவன் கையை உயர்த்தினால் ஒடுங்கியது. யாராவது தடியோடு எதிரே வந்தால் உறுமியது. அந்தச் சுபாவம் கடைசிவரை போகவில்லை. அதனால் வழியில் ஆள் வந்தால் அவன் முன்னே நின்று, "கொஞ்சம் ஒதுங்கிப் போங்க, தப்பு என்மேலதான்" என்பான்.

மழைக்காலம் வந்து போன பிறகு, ஒருநாள் ஆற்றங்கரையில் அவன் உட்கார்ந்திருந்தபோது, கரியான் அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது. முதுகைக் காட்டித் தூங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பயந்தவனுக்குத்தான் தெரியும். அம்பலவாணன் அசையாமல் உட்கார்ந்து அழுதான். அது விழித்துவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் அழுதான்.

நாய் மன்னித்துவிட்டது. உமையாளும் சிரித்தாள், பேசினாள், பரிமாறினாள். ஆனால் மிளகு எடுக்க அந்த அறைக்குள் போகும்போதெல்லாம், கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அவள் பார்ப்பதை அவனும் பார்ப்பான்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: பிறரைப் பயமுறுத்துவதற்காக ஓர் உயிரை வளர்ப்பவன் தன் பயத்தைத்தான் சோறு போட்டு வளர்க்கிறான்.