ஏழு நிமிடம் முன்னால்

இருபத்தைந்து வருஷம் டாக்டராக இருந்து ஊரையே அதட்டிய தணிகாசலம், ஐம்பத்தொரு வயதில் ஆராய்ச்சி மாணவராகப் போய்ச் சேர்ந்தார். குரு பேராசிரியர் பூங்கொடி, அவரைவிட எட்டு வயது சின்னவர். "இந்த வயசுல உனக்கு எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை?" என்று நண்பர்கள் சிரித்தார்கள். மனிதருக்கு ரோஷம் வந்ததே தவிர மனசு மாறவில்லை.

ஆய்வுக்கூடம் தரைக்குக் கீழே இரண்டு மாடி. வெயிலும் எட்டாது, போன் சிக்னலும் எட்டாது. கனத்த ஈயக் கதவுக்குப் பின்னால் ஸ்கேன் மெஷின் மட்டும் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் நாள் பூங்கொடி ஒரு படத்தைக் காட்டினார். மூளையின் நடுவில் இரண்டு இடங்கள் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன.

"இது என்ன சொல்லுது, டாக்டர்?"

"அந்த இடம் மும்முரமா வேலை செய்யுதுன்னு சொல்லுது, மேடம்."

"இல்லை. அந்த இடம் காலியா இருக்குன்னு சொல்லுது."

தணிகாசலத்தின் முகம் சுருங்கிப்போனது. பூங்கொடி பொறுமையாக விளக்கினார். மூளையில் ஏற்பிகள் என்று கோடிக்கணக்கில் இருக்கின்றன, பந்தியில் போட்ட இலைகள் மாதிரி. நாம் ஊசியில் ஏற்றுகிற மருந்து, அழைக்காமல் வந்த விருந்தாளி. இலை காலியாக இருந்தால் உட்கார்ந்து மின்னும். மூளையிலேயே சுரக்கிற சொந்தச் சரக்கு வந்துவிட்டால் எழுந்து இடத்தைக் கொடுத்துவிடும். அங்கே படம் மங்கும்.

"வெளிச்சமா இருந்தா யாரும் வரலை. மங்கினா யாரோ வந்துட்டாங்க," என்றார் பூங்கொடி. "யாருன்னு மெஷின் சொல்லாது."

காணாமல்போனவர்களுக்காகக் காத்திருக்கிறவர்களின் மூளையைப் பார்ப்பதுதான் தணிகாசலத்தின் ஆராய்ச்சி. அதற்காகத் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா பனிமயம். அவருடைய மகன் கிளாட்வின் நாலு வருஷத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. இறந்தவர்களுக்கு வைக்கிற பூசையை வைத்துவிடலாம் என்று மாதா கோயில் பங்குச் சாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். பனிமயம்தான் மகன் பேரைப் பூசைக்குக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார்.

"டாக்டரய்யா, மிஷின்ல பாத்துச் சொல்லுங்க," என்றார் பனிமயம். "எம் மவன் இருக்கானா, இல்லையா? இல்லைன்னா பூசைக்குப் பேரு குடுத்துருதேன். மருமவளுக்கு இருவத்தாறு வயசு. அவளும் எத்தன நாளைக்குத்தான் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா?"

"அதெல்லாம் மெஷினுக்குத் தெரியாதும்மா."

"பாக்கப்போறது நீங்கதானய்யா?"

தணிகாசலம் ஊசியை எடுத்தார்.

ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முப்பதாவது நிமிஷம் காதில் மாட்டிய ஹெட்போனில் மகனுடைய குரல் வரும். பழைய போனில் மிச்சமிருந்த குரல். "யம்மா, சோத்த எடுத்து வையி, வந்துட்டேன்." அவ்வளவுதான். குரல் கேட்ட பிறகு படம் மங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மங்கியது. ஆனால் இருபத்துமூன்றாவது நிமிஷத்திலேயே மங்க ஆரம்பித்திருந்தது.

பதினைந்து நாள் கழித்து மறுபடி ஸ்கேன் செய்தார். இந்த முறை நாற்பதாவது நிமிஷத்தில் குரலைப் போட்டார். நேரத்தை மாற்றியதைப் பற்றி ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. படம் முப்பத்துமூன்றில் மங்கியது.

இரண்டு தடவையும் சரியாக ஏழு நிமிஷம் முன்னால். தணிகாசலம் படங்களை எடுத்துக்கொண்டு குருவிடம் ஓடினார்.

"மேடம், மெஷின்ல ஏதோ கோளாறு."

"அப்ப மெஷினையே கேட்டுப் பாருங்க."

தலை மாதிரி செய்த பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீரையும் மருந்தையும் நிரப்பி மெஷினுக்குள் ஒரு மணி நேரம் படுக்கவைத்தார்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை படம் ஒரே சீராக இருந்தது. ஒரு பொட்டு கூடக் குறை இல்லை.

"காத்திருந்தாலே அந்தச் சரக்கு சுரக்கும், ஒத்துக்கறேன்," என்றார் தணிகாசலம். "ஆனா நேரத்தை மாத்தினது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

பூங்கொடி இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மூணாவது தடவை எப்ப?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது தடவை முப்பத்தெட்டாவது நிமிஷம் என்று தணிகாசலம் மனசுக்குள் குறித்துக்கொண்டார். காலை பதினோரு மணிக்குப் பனிமயம் உள்ளே போனார். கதவு மூடியது. முப்பத்தெட்டு வந்தது. பட்டனுக்குப் போன கை அப்படியே நின்றது. குரலே வராவிட்டால் என்ன ஆகும்? அந்த நிமிஷம் வரைக்கும் அவருக்கு அப்படி ஒரு நினைப்பே இல்லை. கையை எடுத்துவிட்டார்.

வெளியே வந்த பனிமயம் பெஞ்சில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"டாக்டரய்யா, நான் பூசைக்குப் பேரு குடுத்துருதேன்."

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"கொரலு எப்பவும் பொறவுதானே வரும்? அதுக்கு முன்னாலயே செருப்புச் சத்தம் கேக்கும். வந்து எந் தலமாட்டுல நிப்பான். ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான். இன்னைக்கும் வந்தான்." பனிமயம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "ஆனா இன்னைக்கு வரும்போதே சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தான்யா. ஒண்ணும் பேசல. சோறு கேக்கல. கடைசி வரைக்கும் என்னையவே பாத்துக்கிட்டு நின்னான். இதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?"

தணிகாசலம் அம்மாவை மேலே வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. முப்பத்தொன்றில் மங்கத் தொடங்கியிருந்தது. முன் இரண்டு தடவையும் பிறகு மெல்ல வெளிச்சம் திரும்பியிருந்தது. இன்றைக்குத் திரும்பவே இல்லை.

படங்களை எடுத்துக்கொண்டு குருவின் அறைக்குள் போனார்.

"மேடம், நான் பெரிய பாவம் பண்ணிட்டேன். இன்னைக்குக் குரலை நான் போடலை. அதனாலதான் அவன் பேசலை. மகன் செத்துட்டான்னு அந்தம்மா முடிவுக்கு வந்துட்டாங்க. ஒரு பட்டனை அமுக்காம விட்டு, அந்தப் பையனை நானே கொன்னுட்டேன்."

பூங்கொடி படங்களை வாங்கித் தன் பக்கம் திருப்பிவைத்தார்.

"குரலைப் போட வேணாம்னு எப்ப முடிவு பண்ணீங்க?"

"முப்பத்தெட்டாவது நிமிஷம்."

"அதுக்கு முந்தி ஒரு தடவையாவது நினைச்சீங்களா?"

"இல்லை, மேடம். சத்தியமா இல்லை."

"படம் எப்ப மங்குச்சு?"

"முப்பத்தொண்ணு."

"வரும்போதே அவன் எப்படி இருந்தான்னு அந்தம்மா சொன்னாங்க?"

தணிகாசலம் திரும்பிப் படத்தைப் பார்த்தார்.

"நனைஞ்சிருந்தான்னு," என்றார்.

பக்கத்து அறையில் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் இப்ப என்ன செய்யட்டும், மேடம்? அந்தம்மா மேலேதான் உக்காந்திருக்காங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"போய் எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணையும் மறைக்கக் கூடாது. குரலைப் போடலைன்னு சொல்லுங்க. எந்த நிமிஷத்துல மனசு மாறுச்சுன்னு சொல்லுங்க. படம் எந்த நிமிஷத்துல மங்குச்சுன்னும் சொல்லுங்க. பூசை வைக்கிறதா வேணாமாங்கறதை அவங்க பாத்துப்பாங்க."

தணிகாசலம் எழுந்து கதவு வரைக்கும் போனார்.

"டாக்டர்," என்று பூங்கொடி கூப்பிட்டார். "ஒண்ணை மட்டும் சொல்லிடாதீங்க."

"என்ன, மேடம்?"

"அவனைப் பேசவிடாம பண்ணினது நீங்கதான்னு. அது நமக்குத் தெரியாது."