நாண் அறுத்த வில்

அந்தக் காலத்தில் மேகங்களுக்கும் வாய் இருந்தது. களைத்துப்போனால் மலைமுகட்டில் இறங்கி உட்காரும், ஆள் வந்தால் பேச்சுக் கொடுக்கும். அந்த மலையில் வேட்டையாடிப் பிழைத்தவன் சடையன். அவனுக்கும் அவன் மனைவி நீலிக்கும் மாதி என்று ஒரே மகள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. சுனை வற்றி, அப்புறம் சுனையடிச் சேறும் காய்ந்தது. காய்ச்சலில் கிடந்த மாதிக்கு நாக்கு தடித்துப் பேச்சு நின்றுவிட்டது. நீலி கிழங்கை மென்று அந்த ஈரத்தை மகள் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பெற்றவன் எத்தனை நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்? வில்லை எடுத்துக்கொண்டு முகட்டுக்கு ஏறினான்.

அங்கே ஒரு மேகம் பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கருத்த மேகம், நிறைசூலி.

“தாயே, கொஞ்சம் தண்ணீர் கொடு. என் பிள்ளை சாகக் கிடக்கிறாள்,” என்றான் சடையன்.

“கொடுக்கத்தானே வந்திருக்கிறேன். ஆனால் வயிற்றில் இருப்பது இன்னும் முற்றவில்லை ஐயா. பொழுது சாயட்டும், மலையே குளிர இறக்கிவைக்கிறேன்.”

“அதுவரைக்கும் அவள் தாங்கமாட்டாள்.”

“இப்போதே இறக்கினால் அதுவும் பிழைக்காது, நானும் பிழைக்கமாட்டேன்,” என்றது மேகம்.

சூல்கொண்ட எதன்மேலும் அம்பு விடக்கூடாது என்பது அவன் கூட்டத்து வழக்கம். பட்டினி கிடந்து செத்தவர்கள்கூட அதை மீறியதில்லை. சடையனுக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் நாணை இழுத்தான், பாவி.

மேகம் ஒரே ஒரு முறை அலறியது. பிறகு கிழிந்து, புகையாகிக் காணாமல் போனது. கொட்டப்போகிறது என்று அண்ணாந்து நின்றவன்மேல் வெயிலோடு வெயிலாக நாலு தூறல் விழுந்தது, அவ்வளவுதான். தேக்கிலையில் ஏந்தியது ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அதையும் சிந்தாமல் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். மாதியின் உதடு நனைந்தது, தொண்டை நனையவில்லை.

அவள் உடனே போய்விடவில்லை, அதுதான் கொடுமை. பொழுது சாயும்வரை மூச்சு இருந்தது. மேகம் கேட்ட தவணையும் அதுதானே.

நடந்ததை நீலியிடம் சொன்னான். “பொறுத்திருக்கக் கூடாதாய்யா?” என்று மட்டும் கேட்டாள்.

சூலியைக் கொன்றவன் நாணை அறுத்து, வில்லைச் செத்ததன் பக்கத்தில் போட்டுவிட வேண்டும் என்பதும் கூட்டத்து வழக்கம். மேகத்துக்கு ஏது பிணம்? மறுநாள் முகட்டில் ஏறி நாணை அறுத்தான். நன்றாக இருந்த நாளில் மாதி பழச்சாறும் மஞ்சளும் பச்சிலையும் நீலப்பூவும் தேய்த்து, வரிவரியாக வண்ணம் பூசிய வில் அது. கையில் வைத்துக் கொஞ்சநேரம் அழுதான். பிறகு வானத்தைப் பார்த்து வீசினான். அது திரும்பி விழவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு பகலில் லேசாகத் தூறியது. எதிரே வெயிலும் அடித்தது. அந்த வில், மலைக்கு மலை வளைந்து மேலே நின்றது. வானத்தின் கையில் வில் இருக்கிறது என்று கூட்டமே வெளியே வந்து பார்த்தது. சடையன் குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டான்.

அன்று முதல்தான் அதற்கு வானவில் என்று பெயர். அது தோன்றினால் மழை நாலு தூறலோடு நின்றுபோவதும் அன்று முதல்தான்.