நாலாம் நம்பர் குழாய்

சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு முப்பத்திரண்டு.

சீடர் பெயர் கன்னியப்பன். ஆற்றோரம் இருந்த தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். ஷாப்பை மூடிப் பல வருஷம் ஆயிற்று. குரு பெயர் சபூரா. கெட்டுப்போன மண்ணையும் நிலத்தடித் தண்ணீரையும் எப்படிச் சுத்தம் பண்ணுவது என்று ஊர்க்காரர்களுக்கே கற்றுக்கொடுக்க வந்தவர்.

காலையில் இரண்டு பேரும் வாளியும் கயிறுமாகத் தெருவில் போவார்கள். அதே தெருக்காரி தெய்வானை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் இருக்கமாட்டாள்.

"குருவும் சிஷ்யப் பிள்ளையும் கிளம்பியாச்சு. பாவம், பிள்ளைக்கு இன்னும் பல்லுதான் முளைக்கல."

கன்னியப்பன் இருக்கிற நாலு பல்லையும் காட்டிச் சிரிப்பார். சாயங்காலம் திரும்பி வந்ததும் தெய்வானை வாங்கி வைத்திருக்கும் தண்ணீர் கேனைத் தோளில் ஏற்றி, ஏழு படி ஏறி, அடுப்படியில் இறக்கி வைப்பார். தெய்வானைக்கு முட்டி முடியாது. காலில் ஆறாத புண். பத்தொன்பது வருஷமாக அந்தக் கேனை அவர்தான் தூக்குகிறார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் யாரும் கேன் வாங்கியதில்லை. தெருக்கோடியில் கிணறு இருந்தது. ஒரு மழைக்காலம் முடிந்து தண்ணீர் மஞ்சளாக வந்தது. தெரிவதற்குள் கொஞ்ச நாள் குடித்தும் விட்டார்கள். தெய்வானைக்குப் புண் வந்ததும் அப்போதுதான். பிறகு கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டினார்கள்.

சபூரா வந்து ஷாப்புக்கும் கிணற்றுக்கும் நடுவில் எட்டு இடத்தில் குழாய் இறக்கினார். குழாய் வழியாக வெல்லப்பாகைத் தண்ணீரில் கரைத்து மண்ணுக்குள் விட்டார்கள்.

"மண்ணுக்கா பாயசம்?" என்று தெரு சிரித்தது.

"மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்கு," என்றார் சபூரா. "இது அதுங்களுக்குச் சாப்பாடு. அதுங்க தின்னு பெருகினா இந்த விஷத்தோட கொடுக்கை ஒடிச்சிடும்."

முதல் நாள் வகுப்பில் அதை ஒரு கண்ணாடிக் குடுவையில் செய்தும் காட்டினார். தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆரஞ்சு உப்பு, தோல் ஷாப்புகளில் புழங்கும் அதே விஷ உப்பு. இரண்டு சொட்டு ஆசிட். ஒரு கரண்டி பாகு. சூடாக்கினார். வகுப்புக்கு வந்த பன்னிரண்டு பேரும் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் மட்டும் ஜன்னலைப் பார்த்தார்.

"இப்ப பச்சையாகும்," என்றார்.

ஆயிற்று.

சபூரா அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "பச்சையானா கொடுக்கு ஒடிஞ்சதுன்னு அர்த்தம்," என்று வகுப்புக்குச் சொன்னார்.

அன்றிலிருந்து பாகு விடும் வேலை கன்னியப்பனுடையது. ஒவ்வொரு குழாயிலும் விடும்போது குனிந்து, "சாப்பிடுங்க சாமி, வயிறாரச் சாப்பிடுங்க," என்பார். மற்றவர்கள் சிரித்தாலும் விடமாட்டார்.

மாதம் ஒரு தடவை எட்டுக் குழாயிலும் தண்ணீர் எடுத்து மருந்து விட்டுப் பார்ப்பார்கள். விஷம் இருந்தால் ஊதாவாகும். இல்லாவிட்டால் நிறம் மாறாது. எட்டும் தெளிந்தால் கிணறு திறக்கும். பங்குனிக்குள் தெளியவேண்டும். இல்லையென்றால் ஏன் தெளியவில்லை என்றாவது தெரியவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கிணற்றைக் கான்கிரீட் போட்டு ஒரேயடியாக மூடிவிடுவது என்று மேலதிகாரிகள் முடிவு பண்ணியிருந்தார்கள்.

மாசி மாதத்தில் ஏழு குழாய் தெளிந்துவிட்டது. நாலாம் நம்பர் மட்டும் ஒரு மாதம் ஊதா, ஒரு மாதம் தெளிவு.

கன்னியப்பன் குருவிடம் கேட்டார். "எல்லாத்துக்கும் ஒரே பாகுதான் ஊத்துறோம். நாலு மட்டும் ஏன் டீச்சர் பேச்சு மாத்திப் பேசுது?"

"நான் தண்ணி எடுத்த மாசம் ஊதா. நீங்க எடுத்த மாசம் தெளிவு. எப்படி எடுத்தீங்க?"

"மேலாக்க மொண்டுதான். ஷாப்புல தொட்டியில மேலாக்கத்தான் மொண்டு பார்ப்போம். அது கைப்பழக்கம்."

"இறைச்சுட்டு எடுக்கணும்னு சொல்லிக் குடுத்தேனே?"

"இடுப்பு வலி டீச்சர்."

சபூரா வாளியை அவர் பக்கம் நகர்த்தினார். "இருபத்துநாலு வாளி இறைங்க. அப்புறம் உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்."

"அவ்வளவா?"

"மேல நிக்கிறது குழாய்க்குள்ளயே தூங்குற தண்ணி ஐயா. அதுக்கு வெளிய நடக்கறது எதுவும் தெரியாது. அதை இறைச்சுப் போட்டாத்தான் மண்ணுல இருக்கிற தண்ணி உள்ள வரும்."

கன்னியப்பன் கைப்பம்பைப் பிடித்தார். முதல் வாளியைத் தரையில் கவிழ்க்கப் போனார்.

"ஐயா, டிரம்முல. கெட்ட தண்ணியைத் திரும்ப மண்ணுக்கே குடுப்பாங்களா?"

டிரம்மில் ஊற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"பாருங்க, நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"ம். இறைங்க."

சபூரா ஒவ்வொரு வாளியிலும் பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார். எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மூன்று வாளிக்கு ஒரே எண் வந்தால்தான் பாட்டிலில் பிடிக்கவேண்டும். அதுதான் முறை.

ஒன்பதாவது வாளியில் கன்னியப்பன் தானாகப் பேசினார். "கிணறு மஞ்சளாச்சே, அந்த வருஷம் பெரிய வெள்ளம் டீச்சர்."

"ம்."

"குடோனுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. ஆரஞ்சு உப்பு மூட்டையெல்லாம் நனைஞ்சு கட்டி கட்டியா ஆயிடுச்சு."

"எத்தனை மூட்டை?"

"அது யாருக்கு ஞாபகம்?"

சபூரா மீட்டரைப் பார்த்தார். "இன்னும் நிலைக்கு வரல. இறைங்க."

பதினாலாவது வாளி லேசான மஞ்சளாக வந்தது.

"பதினோரு மூட்டை," என்றார் கன்னியப்பன். "எங்கேயோ புதைச்சாங்கன்னு பேச்சு."

"வாளி ஐயா."

பதினேழு.

"மேஸ்திரி புதைக்கச் சொன்னாரு. ஆளைக் கூப்பிட்டுச் சொன்னாரு."

"ம்."

பத்தொன்பது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் நல்ல மஞ்சள்.

"என்னைக் கூப்பிட்டுத்தான் சொன்னாரு."

இருபது. இருபத்தொன்று.

இருபத்திரண்டாவது வாளியை டிரம்மில் கவிழ்த்துவிட்டுக் கன்னியப்பன் சொன்னார். "நான்தான் புதைச்சேன்."

சபூரா எண்ணை எழுதினார். "இன்னும் ரெண்டு."

"நான்தான் புதைச்சேன் டீச்சர்."

"இன்னும் ஒண்ணு."

"நான்தான்."

மூன்று வாளிக்கும் மீட்டரில் ஒரே எண். சபூரா பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்பப் பிடிங்க."

மருந்து விட்டதும் பாட்டில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. கன்னியப்பன் அதைப் பார்க்கவில்லை. எழுந்து நடந்தார். இடிந்துபோன பாய்லர் ரூமுக்குப் பின்னால், ஒரு வேலிக்கருவை மரத்தடியில் நின்று காலால் தரையைத் தட்டினார்.

"இங்க. ஓராள் ஆழம்."

"நன்றி ஐயா," என்றார் சபூரா.

கன்னியப்பன் திடுக்கிட்டுப் போனார். "செருப்பால அடிப்பீங்கன்னு நெனச்சேன்."

"நாலாம் குழாய்க்கு விஷம் எங்கிருந்து ஊறுதுன்னு ஆறு மாசமா நான் தேடுற இடம் இது. எந்தக் காகிதத்திலயும் இல்ல. கூட இருந்தவங்க?"

"மேஸ்திரி போயிட்டாரு. கூட மண்ணு வெட்டுன முனிரத்தினமும் போயிட்டான்."

"நீங்களும் போயிருந்தா கிணத்துக்குக் கான்கிரீட்தான். எங்க கிணறு நல்ல நேரத்துல உங்களை விட்டு வெச்சிருக்கு."

கற்றுக்கொடுக்க வந்தவர் 'எங்க கிணறு' என்று சொன்னது கன்னியப்பன் காதில் விழுந்தது.

"தெருவுல சொல்லணுமா டீச்சர்?"

"இடத்தைக் காட்டினாப் போதும். தெருவுக்குச் சொல்றது என் பாடத்துல இல்ல."

சாயங்காலம் கன்னியப்பன் தெய்வானையின் கேனைத் தூக்கினார். மூன்றாவது படியில் இறக்கி வைத்தார். கைகட்டி நின்றார். சொன்னார்.

தெய்வானை தன் காலைப் பார்த்தாள். புண்ணில் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள்.

"இத்தனை வருஷமா தெரிஞ்சுக்கிட்டேதான் என் கேனைத் தூக்குனியா?"

"தெரிஞ்சதாலதான் தூக்குனேன் அக்கா."

தெய்வானை எழுந்தாள். கேனைத் தானே பிடித்து இழுத்தாள். ஒரு படி ஏற்றினாள். அடுத்த படிக்கு முட்டி கேட்கவில்லை. மூச்சு வாங்க நின்றாள்.

"மீதியையும் நீயே ஏத்து," என்றாள். "பேச்சு வேண்டாம்."

அதன்பிறகு பேச்சு இல்லை. தினமும் கேன் மட்டும் முதல் படியில் காத்திருக்கும். குருவும் சீடரும் தெருவில் போனால் யாரும் கேலி பண்ணவில்லை. கன்னியப்பனுக்கு அந்தக் கேலி இல்லாமல் நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

கையுறையும் முகமூடியும் போட்ட ஆட்கள் வந்து குழியைத் தோண்டினார்கள். மூட்டைகள் மட்கிப் போயிருந்தன. மண் குங்குமத்தையும் மஞ்சளையும் கொட்டிக் கலந்த மாதிரி இருந்தது. அள்ளி, டிரம்முகளில் அடைத்து, லாரியில் ஏற்றினார்கள். காரணம் தெரிந்துவிட்டதால் கான்கிரீட் பேச்சு நின்றது. இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்கள்.

சுற்றிலும் ஊறிப்போன மண்ணுக்குப் பாகு விடவேண்டும். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று சபூரா கணக்குப் போடுவார். கன்னியப்பன் குழாயில் வந்த தண்ணீரைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்து, "பசி இன்னும் அடங்கல டீச்சர்," என்பார். பார்த்தால் கணக்கும் அதையே சொல்லும்.

"இது எப்படி உங்களுக்குத் தெரியுது?"

"ஷாப்புல பாகு ஊத்தி ஆரஞ்சைப் பச்சையாக்குனது நான்தான டீச்சர். இருபத்தாறு வருஷம் தோலுக்காகப் பண்ணேன்."

அடுத்த வகுப்புக்கு வந்தவர்களுக்குப் பாகுப் பாடத்தைக் கன்னியப்பனே எடுக்கட்டும் என்றார் சபூரா. அவர் எடுக்கும்போது சபூரா கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எழுதினார்.

ஐப்பசியில் ஒருநாள் ஷாப்பு மதிலோரம் தெய்வானை வந்து நின்றாள். கோலை ஊன்றிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு வெல்லக்கட்டி.

"உன் சாமிங்களுக்குப் பாகு போதலைன்னா இதையும் கரைச்சு ஊத்து," என்றாள்.

கன்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அதை வாயில போட்டுக்காதே. இருக்கிற நாலு பல்லும் போயிடும்."

அன்றைக்குச் சபூரா கணக்கில் ஒரு வெல்லக்கட்டி கூடுதலாக எழுதிக்கொண்டார்.

தை, மாசி, பங்குனி. மூன்று மாதமும் எட்டுக் குழாயிலும் முறைப்படி இறைத்துப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. கிணற்றுத் தண்ணீரைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். குடிக்கலாம் என்று எழுத்தில் வந்தது.

கம்பி வலையை அறுத்த அன்று தெரு முழுக்கக் கிணற்றடியில் நின்றது. இருபது வயசுப் பிள்ளைகள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "இவ்ளோ தண்ணியா!" என்றார்கள். அவர்களில் யாரும் அதில் நீர் இறைத்துப் பார்த்ததில்லை.

முதல் வாளியைத் தெய்வானை இழுத்தாள். கயிற்றை வேறு யாரும் தொட விடவில்லை. ஒரு டம்ளரில் மொண்டாள். கூட்டத்தில் கன்னியப்பனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள்.

"மொதல்ல நீ குடி. நாளைக்கு நீ எழுந்து வந்தா நான் குடிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியப்பன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடிக்கவில்லை. குரு பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"அந்த விஷம் எங்க போச்சு?"

"மூட்டையில இருந்தது லாரியில போச்சு. மண்ணுல ஊறினது எங்கயும் போகல."

"போகலையா?"

"அங்கேயேதான் இருக்கு. பச்சையா மாறி மண்ணோட ஒட்டிக்கிச்சு. இனிமே அது கரையாது, நகராது. கண்காணிச்சுக்கிட்டு மட்டும் இருக்கணும்."

கன்னியப்பன் டம்ளருக்குள் பார்த்தார்.

"அப்ப நான் பண்ணது போகவே போகாதா டீச்சர்?"

"போகாது ஐயா," என்றார் சபூரா. "அதைத் தாண்டி வந்த தண்ணிதான் உங்க கையில இருக்கு. சீக்கிரம் குடிங்க. நாளைக்குன்னு சொன்னவங்க இப்பவே டம்ளருக்குக் கை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க."