ஓட்டைப் பாறைக்கு நேரே

பூதலிங்கம் முப்பத்துநாலு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். கடற்கரைப் பக்கம் போகிற வண்டிகளையெல்லாம் விசிலடித்து அனுப்பிவைத்தவர். தேரிக்காடு, பொழிமுகம், ஓட்டைப் பாறை என்று இடங்களின் பெயரை மூச்சுவிடாமல் சொல்வார். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. எங்கே நேரம்? ஒரு வண்டி நகரும்போதே மனுஷனுக்கு மனசு அடுத்த வண்டிக்குப் போய்விடும்.

ரிட்டயரான மூன்றாம் மாசம் கண் டாக்டர் உடைத்துச் சொல்லிவிட்டார். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணும் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம்.

அன்றைக்குப் பிடித்தது பயம். சோறு இறங்கவில்லை. காதுப் பக்கத்தில் விரலை நீட்டி, தெரிகிறதா தெரிகிறதா என்று மணிக்கொருதரம் பார்த்துக்கொண்டார். கடைசியில் செண்பகவல்லியம்மாவிடம் ஓடினார்.

அந்த அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆறு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் பூதலிங்கம் அவர் முன்னால் போய் உட்காருகிறார். குரு என்றால் அவருக்கு அந்த அம்மாதான்.

"அம்மா, கண்ணு போறதுக்குள்ள எதைப் பாத்தா போதும்?"

"அண்ணாச்சிக்கு எதைப் பாக்கணும்னு இருக்கு?"

பூதலிங்கம் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏழு இடம். பக்கத்திலேயே பஸ் நேரம்.

அம்மா தாளை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கிளம்புங்க. நானும் வாறேன்."

முதலில் தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய தூரம்வரை செக்கச்செவேலென்று மணல் மேடு. காற்று அடிக்க அடிக்க மேட்டின் விளிம்பு நகர்ந்துகொண்டே இருந்தது. அம்மா வெறுங்காலோடு நின்று பார்த்தார். பூதலிங்கம், "பாத்தாச்சுல்லா? பத்து நாப்பது வண்டியை விட்டா அப்புறம் ஒண்ணே காலுக்குத்தான்" என்றார்.

அடுத்தது பொழிமுகம். ஆறு கடலில் விழுகிற இடம். பச்சைத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் கோடு போட்டாற்போல் பிரிந்து கிடந்தன. ஆற்றைப் பார்த்தால் கடல் தெரியவில்லை, கடலைப் பார்த்தால் ஆறு தெரியவில்லை. நேற்றுப் பார்வை இதைவிட அகலமாக இருந்ததோ? விரலை நீட்டிப் பார்ப்பதிலேயே பாதி நேரம் போயிற்று.

மூன்றாவது இடத்தில் பாறைப் பொந்து வழியாக அலை பனைமர உயரத்துக்குப் பீறிடும் என்றார்கள். அரைமணி நேரம் காத்திருந்தார். பீறிடவில்லை. சரி, பஸ் எப்போது என்று வாட்சைப் பார்த்தார் பாருங்கள், அந்த நேரம் பார்த்துப் பீறிட்டது. அவருக்குக் கிடைத்தது நனைந்த வேட்டிதான்.

மூன்று நாளில் ஆறு இடம் முடிந்தது. நாலாம் நாள் காலையில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோது அவருக்கு எல்லாம் ஒன்றோடொன்று குழம்பியது.

"அம்மா, கல் மண்டபத்துக்குப் பக்கத்துல மணல் மூணு நிறமா கிடந்துதே, அது நாலாவதா, அஞ்சாவதா?"

"உங்களுக்கு எப்படித் தோணுது?"

"தோணல. பாத்ததும் மனசுல நிக்க மாட்டேங்குது, பாக்காததும் போயிரும் போல. பயமா இருக்கும்மா." பெரிய மனுஷன் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை அம்மா காத்திருந்தார். பிறகு ஏழாவது இடத்துக்குக் கூட்டிப்போனார்.

ஓட்டைப் பாறை கரையை ஒட்டிக் கடலுக்குள் நிற்கிறது. நடுவில் ஒரு வீடு நுழையலாம் போல அத்தனை பெரிய துளை. ஆனால் அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மீன் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்த ததேயுஸ் என்பவரின் வள்ளத்தில் ஏறினார்.

"அம்மா, பாறை அங்க இருக்கு."

"தெரியும். ஏறுங்க."

ஒரு மணி நேரம் ஓடியது வள்ளம். பாறை சுருங்கிச் சுருங்கிக் கட்டைவிரல் நகமளவு ஆயிற்று. பூதலிங்கத்துக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"கிட்டப் போய்ப் பாக்க வேண்டியதை விட்டுட்டு இதென்னம்மா கூத்து?"

ததேயுஸ் சிரித்தார். "எங்களுக்கு அது பாக்கதுக்கு இல்ல சார். இங்க தண்ணிக்கடியில ஒரு பாறைத் திட்டு கிடக்கு. மீன் அதுலதான் அடையும். மேல பாத்தா எல்லாம் ஒரே தண்ணி. அதனால கரையைப் பாக்கணும். ஓட்டைப் பாறைக்கு நேர் மேல, பின்னால தெரியுற அந்த மலை உச்சி நிக்கணும். இந்தப் பக்கம் லைட் ஹவுஸ், தேரி மேட்டோட நுனியைத் தொடணும். ரெண்டும் ஒத்துவந்தா நம்ம இடம் சரி."

"அண்ணாச்சி பாத்துச் சொல்லட்டும்" என்றார் அம்மா.

மலை பாறையை நெருங்கியதுமே பூதலிங்கம், "ஆச்சு, ஆச்சு, போடுங்க" என்றார். ததேயுஸ் கயிற்றில் கட்டிய கல்லை இறக்கினார். அது திட்டில் படாமல் மணலில் பொத்தென்று உட்கார்ந்தது.

"அவசரப்பட்டுட்டீங்க சார். வந்துரும்னு தெரிஞ்சா போதாது, வரணும்."

மறுபடி வள்ளத்தைத் திருப்பினார்கள். இந்தத் தடவை பூதலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவருக்கு மிச்சமிருந்த சின்ன வட்டத்துக்குள் பாறையும் மலையும் மட்டும்தான் அடங்கின. மலை மெல்ல நகர்ந்து பாறையின் தலையில் ஏறி நின்றது. கழுத்தைத் திருப்பினார். லைட் ஹவுஸ் மேட்டு நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்போ."

கல் இறங்கியது. ததேயுஸ் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். அடியில் கல் பாறையில் கடகடவென்று முட்டுவது தோள்வரை ஏறியது.

கொஞ்ச நேரத்தில் கடல்மேல் புகைபோல மூட்டம் வந்து மூடியது. மலை போயிற்று, பாறை போயிற்று, கரையே போயிற்று. எல்லாப் பக்கமும் வெள்ளை. பூதலிங்கம் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அடுத்த வருஷம் எனக்கு இப்படித்தான். எல்லாம் மறைஞ்சு போகும். அப்போ நான் எங்க இருக்கேன்னு எப்படித் தெரியும்?"

"இப்போ தெரியுதா?"

கயிற்றை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"தெரியுது. ஆனா கண்ணு சுத்தமா போயிட்டா…"

"கண்ணு நல்லா இருந்த அம்பத்தெட்டு வருஷமும் தெரிஞ்சுதா அண்ணாச்சி?"