அக்காளை அழைக்கப் போன மண்

அந்தக் காலத்தில் மண்ணுக்கும் மேகத்துக்கும் வாய் இருந்தது, உறவுமுறையும் இருந்தது. மேற்கே கடலுக்கு அப்பால் செம்பன் என்றொரு நிலம் இருந்தான். இன்று அங்கே மணலைத் தவிர ஒன்றுமில்லை. அன்றைக்கு இடுப்பளவு புல். அவனுடைய அக்காள் காராயி மேகம், தென்கடலில் வாழ்க்கைப்பட்டவள். செம்பனுக்கு ஒரே மகள், பெயர் ஓடை.

ஓடை பெரியவளானாள். அவர்கள் குடும்ப வழக்கப்படி முதல் தண்ணீரை அத்தைதான் ஊற்ற வேண்டும். ஊற்றினால் பெண் பெருகி ஓடுவாள். இல்லாவிட்டால் வற்றிப் போவாள்.

செம்பன் நல்லவன்தான், ஆனால் சரியான சோம்பேறி. காற்றைக் கூப்பிட்டு, "அந்தப் பக்கம் போறப்ப எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு" என்றான்.

மேய்ந்துகொண்டிருந்த ஒட்டகம் தலையைத் தூக்கியது. "அண்ணே, நேர்ல போய் வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுங்க. அதுதான் மொற."

"கூடப் பொறந்தவ. அவளுக்கு என்னய்யா வெத்தல பாக்கு?"

காற்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது. மருமகள் பெரியவளான சேதி முன்னமே காதில் விழுந்து, காராயி ஏழு குடம் நிறைத்து, புதுப்புடவை கட்டி, தம்பி வருவான் என்று ஆயத்தமாக இருந்தவள். காற்று மட்டும் வந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அசலாருக்குச் சொல்ற மாதிரி சொல்லி விட்டிருக்கான். அவன் வந்து கூப்பிடட்டும், வர்றேன்."

சடங்கு நாளில் ஓடை மணையில் உட்கார்ந்திருந்தாள். செம்பன் தெற்கே பார்த்தபடி நின்றான். பொழுது சாய்ந்தது, ஒரு சொட்டு விழவில்லை. அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வராதவள் வராமலே இருக்கட்டும் என்று மாதக்கணக்கில் வீம்பு பிடித்தான். புல் கருகியது. ஓடை கயிறு கனத்துக்கு மெலிந்துபோனாள்.

"அப்பா, அத்தைக்கு எம்மேல கோவமா?"

"உம்மேல இல்லம்மா. எல்லாம் எம்மேலதான்."

வைகாசிக் கடைசியில்தான் கிளம்பினான். முதல் நாளே கிளம்பியிருக்கலாம், பாவி. ஈரம் போன உடம்பு, எழுந்ததுமே தூசியாகப் பறந்தது. காற்றின் தோளைப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டி, நம் கரைமேல் வந்து நின்ற அக்காளைக் கண்டான்.

காராயிக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. "அக்கா" என்றான்.

"இந்தக் கோலத்துலயா வந்தே? நீ கூப்பிடாமலே நான் வந்திருக்கணும்டா" என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுத அழுகையில் ஏழு குடமும் அங்கேயே கொட்டிவிட்டது. அந்தத் தண்ணீரோடு அவனும் கரைந்து, யாரோ ஒருவருடைய வயலில் போய் விழுந்தான்.

கடலுக்கு அப்பால் ஓடை அதற்குள் வற்றிவிட்டாள். அவள் படுத்திருந்த தடத்தைக் காற்று மணல் போட்டு மூடிவிட்டது. மகள் அடியில் இன்னும் காத்திருக்கிறாள் என்றே அங்கே மணலாக மிச்சமிருக்கிற செம்பன் நம்புகிறான்.

அன்று முதல்தான் ஒவ்வொரு வருஷமும் வைகாசி, ஆனியில் பாலைவனத்துத் தூசி அக்காளை அழைக்க எழுந்து கடல் தாண்டி வருகிறது. கொடியில் காயும் துணியில் செம்மண் புள்ளி வைத்து முதல் மழை பெய்கிறது. அவன் மகளுக்கென்று காராயி நிறைத்த தண்ணீர் நம் வாசலில் ஓடுகிறது.