கூப்பிடு தூரம்

மாசிலாமணி சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷ வேலையில் ஒரு சென்ட் நிலத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அறுபது வயதுக்குமேல் அவர் குருவாக ஏற்றுக்கொண்டது, தன்னைவிட இருபது வயது இளையவரான செங்கமலம் அம்மாவை. மலையடிவாரத்து ஆசிரமத்தில் மூன்று வருஷமாக அந்த அம்மாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"மனசு அடங்கணும்னு தினமும் உட்கார்றேன். இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"கூப்பிடு தூரம்தான் சர்வேயரே."

மூன்று வருஷமும் இதே பதில். அன்று காலை அவர் பையைக் கட்டிவிட்டார்.

"எனக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்றீங்கம்மா. பொய் சொல்ற இடத்துல நான் இருக்க மாட்டேன். மூணு மணி பஸ்ல கிளம்பறேன்."

"தாராளமா. அதுக்குள்ள மேல ஏரியைப் பார்த்துட்டு வந்துடலாம், வாங்க. இவ்வளவு நாள் இங்க இருந்துட்டு அதைப் பார்க்காமப் போறதா?"

இரண்டு மலைகளுக்கு நடுவே, ஓடையை ஒட்டிய இடுக்கு வழி. வழி என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாறைமேல் பாறை. பல இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. மாசிலாமணி ஒவ்வொரு காலடியையும் எண்ணிக்கொண்டே ஏறினார்.

தேன் டின்னோடு ஒருவன் இறங்கி வந்தான்.

"ஏரி எவ்வளவு தூரம்ப்பா?"

"இதோ, அந்த வளைவு திரும்பினா ஏரிதான் சாமி."

திரும்பினார்கள். அங்கே இன்னொரு வளைவுதான் இருந்தது.

அறுநூறு காலடிக்கு அப்பால், ஈரத் தலையோடு ஒரு குடும்பம் எதிரே வந்தது. கேட்கும் முன்பே அந்த வீட்டுப் பெண், "வந்தாச்சுங்க ஐயா, அஞ்சே நிமிஷம்!" என்றாள்.

அரை மணி நேரம் ஏறினார்கள். மாசிலாமணிக்கு மூச்சு வாங்கியது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது. ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மலையில உண்மை பேசறவங்க ஒருத்தர்கூட இல்லையா?"

நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டே அம்மா கேட்டார். "திரும்பிடலாமா?"

"திரும்பறதா? எத்தனை காலடி பொய் சொல்லியிருக்காங்கன்னு அளக்காம விடமாட்டேன்!"

எழுந்து விறுவிறுவென்று ஏறினார். இரண்டாயிரத்து நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு... கடைசிப் பாறைக்குமேல் தலையை நீட்டினார். எண்ணிக்கை அதோடு நின்றுபோனது.

சுற்றிலும் மலை. நடுவே ஏரி. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது.

சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொபுக்கென்று குதித்தார். குளிர் தாங்காமல் கத்தினார். மலை திருப்பிக் கத்தியது. அது பிடித்துப்போய் இன்னொரு தடவை கத்தினார். அப்படியொரு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. கரையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இறங்கும்போது பாதி வழியில் ஒரு பெண் முழங்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஏரிக்கு இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"இதோ வந்தாச்சும்மா, கூப்பிடு தூரம்தான். எழுந்திரிங்க, தண்ணி அப்படி இருக்கு!"

அவள் முகம் மலர்ந்து எழுந்தாள்.

பத்துக் காலடி இறங்கிய பிறகுதான் மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. நின்றுவிட்டார். கீழே மூன்று மணி பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. அதை அவர் சட்டை செய்யவில்லை.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேனா?"

"சொல்லும்போது பொய்யாத் தோணிச்சா?"

"இல்லையே. பக்கத்துலதான் இருக்கற மாதிரி இருந்துச்சு."

ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட, அம்மா பக்கம் திரும்பினார்.

"அப்போ... மூணு வருஷமா நீங்க எனக்குச் சொன்னது?"

"நானும் ஒரு தடவை குளிச்சுட்டு இறங்கி வந்தவதான் சர்வேயரே."